விலாங்கு புகுந்த நாற்பது நிமிடம்

படிவத்தின் ஏழாவது கட்டம்:
"இக்கட்டடத்தின் மரபு முக்கியத்துவம்.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்."
நான் நகராட்சி அனுப்பிய ஆள்.
மழைச்சட்டை, அளவு நாடா, டார்ச்.
மதியத்துக்குள் முடித்துவிடும் உத்தேசம்.

ஹார்ல்பெக் நீரேற்று நிலையம்
வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம்.
புகைபோக்கி மட்டும்
பொய் சொல்லத் தெரியாமல் நிற்கிறது.
உள்ளே இரண்டு நீராவி இயந்திரங்கள்.
ஆலை முதலாளி மகள்களின் பெயரை வைத்தாராம்:
அகஸ்டா, வினிஃப்ரெட்.
அகஸ்டா மூச்சை விட்டு எழுபது வருடம்.
வினிஃப்ரெட்டை மட்டும்
வருடத்துக்கு இரண்டு ஞாயிறு எழுப்புகிறார்கள்.

எழுப்புகிறவர் எவர்டன் ப்ளேக்,
பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் வெல்டர்.
"மெதுவா, மெதுவா" என்றபடி வால்வைத் திறக்கிறார்.
பன்னிரண்டு டன் உத்தரம்
தலையசைக்கிறது,
யோசித்துச் சம்மதிப்பதுபோல.

தூண்களின் உச்சியில் வார்ப்பிரும்பு நாணல்.
நாணலுக்குள் ஒரு நத்தை.
அதைப் பார்க்க ஏணி வேண்டும்.
கொதிகலனுக்குக் கரி அள்ளுகிற இடத்தில்
யார் ஏறிப் பார்ப்பார்கள் என்று
வார்த்தானோ அந்த வார்ப்படக்காரன்.
"நத்தை, ஒன்று" என்று எழுதினேன்.
பிறகு அடித்து, இரண்டு என்றேன்.

பதிவேட்டை ஈனிட் ஆக்ராய்ட் கொண்டுவந்தார்,
கையுறை போட்டு, பிஸ்கட் டப்பாவில்.
இயந்திரக்காரர் ஜோப் ஹார்ட்லியின் கையெழுத்து:

மழை. நிமிடத்துக்குப் பதினோரு வீச்சு.
மகன் பிறந்தான். பதினோரு வீச்சு.
உறைபனி. பதினோரு வீச்சு.
கக்குவான். மகனை அடக்கம் செய்தோம்.
பதினோரு வீச்சு.

"இதையும் பாருங்கள்" என்று
ஈனிட் இன்னொன்றை நகர்த்தினார்.
ஆஸ்வல்ட் தேவாலயத்து அடக்கப் பதிவேடு, நகல்.
இயந்திரம் வருவதற்கு முந்தைய ஆகஸ்ட்:
ஐந்து வயதுக்குள் நாற்பத்தொன்று.
கிணற்றுச் சந்தில் மட்டும் ஒன்பது.
மை தொட்டுக்கொள்ளக்கூடப் பொழுதில்லாமல்
கடைசிப் பெயர்கள்
வெளிறிக்கொண்டே போகின்றன.
வந்தபிறகு இரண்டாவது ஆகஸ்ட்:
பாதிப் பக்கம் வெறுமை.
வெறுமையில் யாரோ
பேனா முனையைக் கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.
ஒரு வாத்துகூட இருக்கிறது.

செங்கல் எத்தனை, ஜன்னல் எத்தனை,
எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு படிவத்தில்.
சாகாதவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

நேரமாயிற்று என்று மூடப்போனேன்.
ஜூன் பதினேழு கண்ணில் பட்டது:

இயந்திரம் நின்றது. நாற்பது நிமிடம்.
உறிஞ்சு வால்வில் விலாங்கு.
நீளம் இரண்டடி ஒன்பது அங்குலம்.
எடுத்தாயிற்று. பதினோரு வீச்சு.

"விலாங்கு என்ன ஆனது?"
"தின்றிருப்பார்" என்றார் எவர்டன்.
"ஆற்றில் விட்டிருப்பார்" என்றார் ஈனிட்.
பழைய சண்டை போலிருக்கிறது;
இருவரும் என்னைப் பார்க்கவேயில்லை.

நான் அந்த நாற்பது நிமிடத்திலேயே நின்றுவிட்டேன்.
மேட்டுத் தெருவில் எவளோ ஒருத்தி
மாவு ஒட்டிய கையால் குழாயைத் திருகி,
உஸ்ஸென்ற காற்று மட்டும் வர,
வாசலுக்கு வந்து
பள்ளத்தில் நிற்கும் புகைபோக்கியைப் பார்த்திருப்பாள்.
ஊர் இந்தக் கட்டடத்தை நினைத்தது
அநேகமாக அப்போதுதான்.

வாங்க வருகிற நிறுவனத்தின் வரைபடம்
என் பையில் இருந்தது.
வினிஃப்ரெட் இருக்கும் இடத்தில்
"வரவேற்புக் கூடம், சோஃபா ஆறு."
அதை வெளியே எடுக்கவில்லை.
ஏழாவது கட்டத்துக்கு
இன்னும் ஒரு வாரம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

தீ தணிந்தது.
எவர்டன் மூலையிலிருந்த தொட்டியில் கை கழுவினார்.
முழங்கைவரை கரி.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
நெடுநேரம் கழுவினார்,
சனிக்கிழமை ஹார்ல்பெக் அணி
கடைசி நிமிடத்தில் கோல் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டு,
தண்ணீரை ஒரு முறைகூடப் பார்க்காமல்.